பின் ஷாக்: கம்பெனி ஷாக்கே போதுமா, மாற்ற வேண்டுமா?

உச்சிப்புளியில் இருக்கும் என் சித்தப்பா மகன், என்னைவிட நாலு வயது மூத்தவர், போன வருடம் தன் 150 சிசி பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக், இரண்டையும் மாற்றினார். தங்க நிற உடம்பு, மஞ்சள் ஸ்பிரிங், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன உருளை. பார்க்க அவ்வளவு அழகு. மாட்டிய கையோடு மதினியைப் பின்னால் உட்கார வைத்து அரிச்சல்முனைக்குப் போய் வந்தார். திரும்பி வந்த மதினி வண்டியை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்று, "இதுக்குப் பழசே தேவலை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

காசு கொடுத்து வாங்கிய புதுசு எப்படிப் பழசைவிட மோசமாக இருக்கும் என்று அண்ணன் என்னைக் கேட்டார். அப்போது எனக்கும் சரியாகத் தெரியாது. கீழக்கரையில் ஒரு மெக்கானிக் பாய் கடையில் இரண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, கழற்றிப் போட்டதைப் பார்த்து, கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஷாக் மாற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு, அதுவும் நம் பக்கத்து உப்புக் காற்றில் வண்டி ஓட்டும் ஆளுக்கு, இது உதவும்.

தொட்டிலும் இடியாப்ப உரலும்

வீட்டு விட்டத்தில் ஸ்பிரிங் மாட்டித் தொட்டில் கட்டுவார்கள் அல்லவா, அதை ஒருதரம் கீழே இழுத்து விட்டால் என்ன ஆகிறது? மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும். பிள்ளை தூங்குகிற வரைக்கும் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கின் குணம் அது. எடையைத் தாங்கும், வாங்கிய அடியைச் சேர்த்து வைக்கும், அப்புறம் அதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். தானாக நிற்கத் தெரியாது.

பிள்ளைக்கு அந்த ஆட்டம் நல்லது. வண்டிக்கு ஆகாது. பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் பின்சக்கரம் துள்ளிக்கொண்டே இருந்தால், டயர் ரோட்டைத் தொடாத நேரம் கூடிக்கொண்டு போகும். தொடாத டயருக்கு பிரேக் பிடிக்காது, வளைவில் பிடிமானம் இருக்காது. ஆகவே ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க இன்னொரு சாமான் வேண்டும். ஸ்பிரிங்குக்கு நடுவில் இருக்கும் குழாய்தான் அது. டாம்பர் என்பார்கள். அதற்குள் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள், துளைகளை மூடித் திறக்கும் மெல்லிய தகடுகள். சக்கரம் மேலே வரும்போதும் கீழே போகும்போதும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கித்தான் போக வேண்டும்.

இடியாப்ப உரலில் மாவைப் பிழிந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெதுவாக அழுத்தினால் மாவு சுகமாக இறங்கும். அவசரப்பட்டு ஓங்கி அழுத்தினால் உரல் கையையே எதிர்த்துத் தள்ளும். டாம்பரும் அப்படித்தான்: எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு எதிர்க்கும். நின்ற இடத்தில் ஒரு எடையை வைத்தால் அதைத் தாங்குவதில் டாம்பருக்குப் பங்கே கிடையாது. அது ஸ்பிரிங்கின் பாடு. அசைவு இருக்கும்போது மட்டும்தான் டாம்பருக்கு வேலை.

"ஸ்பிரிங் தாங்கும், எண்ணெய் அடக்கும், தம்பி" என்றார் பாய். கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய புகார். "ரொம்பத் தூக்கிப் போடுது, ஸ்பிரிங் டைட் பண்ணுங்க" என்பார்களாம். தூக்கிப் போடுவது எண்ணெய்ப் பக்கத்துக் கோளாறாக இருக்கும். ஸ்பிரிங்கை டைட் வைத்தால் இன்னும் அதிகமாகத் தூக்கிப் போடும்.

டைட் வைப்பது என்றால் என்ன

நம்மில் பலர் வண்டி வாங்கிய நாளிலிருந்து தொட்டே பார்க்காத ஒரு விஷயம், ஷாக்கின் அடியிலோ மேலேயோ இருக்கும் படிப்படியான வளையம். ஸ்பிளெண்டரில் 5 படி இருக்கிறது, கிளாசிக் 350-இல் 6 படி. கொக்கி மாதிரி இருக்கும் சி ஸ்பேனரால் அதைத் திருப்பலாம். இதற்கு பிரீலோட் என்று பெயர். மெக்கானிக் கடையில் இதைத்தான் டைட் வைப்பது என்கிறார்கள். அந்தச் சொல்தான் ஆளைக் குழப்புகிறது. ஏனென்றால், வளையத்தைத் திருப்புவதால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டியின் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் 1 மி.மீ. அமுங்க 20 நியூட்டன் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 2 கிலோ. இரண்டு ஸ்பிரிங் சேர்ந்தால் 1 மி.மீ.க்கு 4 கிலோ. பின்னால் 60 கிலோ எடை ஏறினால் 15 மி.மீ. அமுங்கும். ஷாக் சாய்ந்திருக்கும் கோணத்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், அதை விட்டுவிடுவோம். இப்போது வளையத்தைத் திருப்பி ஸ்பிரிங்கை 10 மி.மீ. முன்கூட்டியே அமுக்கி வைத்தால், வண்டியின் பின்பக்கம் சுமார் 10 மி.மீ. உயரும். அவ்வளவுதான். அதற்கு மேல் 60 கிலோ ஏறினால் அதே 15 மி.மீ.தான் அமுங்கும். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 4 கிலோதான். ஸ்பிரிங்கின் கம்பி மாறவில்லை, சுற்று மாறவில்லை, பிறகு எப்படிக் கெட்டியாகும்?

அப்படியானால் வளையம் எதற்கு? ஆள் உட்கார்ந்ததும் பின்பக்கம் எவ்வளவு தாழ வேண்டுமோ அவ்வளவுக்கு நிறுத்தி வைக்க. இந்தத் தாழ்வுக்கு சேக் என்று பெயர். சக்கரம் மேலும் கீழுமாக மொத்தம் 100 மி.மீ. அசையக்கூடிய வண்டி என்றால், ஓட்டுகிறவர் உட்கார்ந்த நிலையில் அதில் 30 மி.மீ. ஏற்கெனவே அமுங்கியிருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். இந்த 30 மி.மீ. எதற்கென்று கேட்டால், ரோட்டில் மேடு மட்டும் இல்லை, பள்ளமும் இருக்கிறது. பள்ளம் வந்ததும் சக்கரம் கீழே இறங்கி ரோட்டைத் தொட இடம் வேண்டாமா? அந்த இடம்தான் இது.

அளப்பதற்குத் தையல்காரர் டேப் போதும். இரண்டு பேர் உதவிக்கு வேண்டும். டபுள் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, அச்சாணியிலிருந்து நேர் மேலே, பின் சீட்டின் கைப்பிடிக் கம்பியில் ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு அளக்க வேண்டும். 560 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். ஸ்டாண்டை எடுத்து, யாரும் உட்காராமல் வண்டி தன் சொந்த எடையில் நிற்கும்போது மறுபடி அளந்தால் 550. பிறகு நீங்கள் ஏறி, நீங்கள் எப்படி ஓட்டுவீர்களோ அப்படி உட்கார, ஒருவர் முன்னால் ஹாண்டிலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளந்தால் 530. ஆக, வண்டி எடைக்கு 10, உங்களோடு சேர்த்து 30. அருமையான கணக்கு. ஷாக் கடைப் பக்கமே போக வேண்டாம்.

சில சமயம் எண்கள் வேறு மாதிரி வரும். நீங்கள் உட்கார்ந்தபோது 30 சரியாக வருகிறது, ஆனால் வெறும் வண்டி ஒரு மில்லிமீட்டர்கூடத் தாழவில்லை என்றால், உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது. அதை வளையத்தால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறீர்கள். மாறாக, வெறும் வண்டியே 20 மி.மீ. தாழ்ந்து, நீங்கள் ஏறியதும் கூடுதலாகப் பத்துதான் தாழ்கிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்குக் கெட்டி. இந்த இரண்டு நிலையிலும் வளையத்தை எத்தனை தரம் திருப்பினாலும் பயனில்லை. ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும். ஷாக்கையே மாற்றும் முடிவுக்கு இந்த அளவு ஒரு நியாயமான காரணம். மஞ்சள் நிறம் காரணமில்லை.

பாம்பன் பாலமும் கிராவல் ரோடும்

இனி எண்ணெய்ப் பக்கம். டாம்பருக்கு இரண்டு திசையில் வேலை. சக்கரம் மேலே வரும்போது எதிர்ப்பது கம்ப்ரெஷன், ஸ்பிரிங் திரும்ப விரியும்போது பிடித்து நிறுத்துவது ரீபவுண்ட். விலை உயர்ந்த ஷாக்கில் இந்த இரண்டுக்கும் தனித்தனித் திருகு இருக்கும். நடுத்தர விலையில் ரீபவுண்டுக்கு மட்டும் ஒன்று இருக்கும். சாதாரண கம்பெனி ஷாக்கில், அதாவது வண்டியோடு வருவதில், ஒன்றும் இருக்காது, கம்பெனி வைத்ததுதான்.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டி ஓட்டிய எல்லோருக்கும் அந்தத் தடக், தடக் பழக்கம். வெயிலில் கான்கிரீட் விரிவதற்காக விட்டிருக்கும் இடைவெளிகளின் மேல் ஓடும்போது வருவது அது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. ஒரு சாண் அகலமுள்ள விளிம்பைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? வினாடியில் நூறில் ஒரு பங்கு, சற்று முன்பின்னாக. அவ்வளவு நேரத்துக்குள் சக்கரம் மேலே எழும்பியாக வேண்டும் என்றால் டாம்பருக்குள் பிஸ்டன் பறக்கும். இடியாப்ப உரலை ஓங்கிக் குத்துவது போல. அந்த நேரத்தில் எண்ணெய்க்கு வழி திறக்காவிட்டால் அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். நல்ல டாம்பரில் அடுக்கு அடுக்காக மெல்லிய தகடுகள் இருக்கும். வேகமான அடி வந்தால் அவை வளைந்து கூடுதல் வழி விடும். மெதுவான அசைவில் மூடியே இருக்கும். மலிவான டாம்பரில் பெரும்பாலும் வெறும் துளைதான். துளையைச் சின்னதாக வைத்தால் பாலத்தில் குத்தும், பெரிதாக வைத்தால் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் படகு போல ஆடும்.

ஷாக் விற்கிறவர்கள் ஹை ஸ்பீட், லோ ஸ்பீட் என்று பேசுவது இந்தப் பிஸ்டன் வேகத்தைத்தான். வண்டியின் வேகத்தை இல்லை. இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு கல்லில் ஏறினாலும் பிஸ்டனுக்கு அது ஹை ஸ்பீட். ஈசிஆரில் எண்பதில் போகும்போது ரோடு நீளமாக ஏறி இறங்கினால் அது லோ ஸ்பீட்.

ரீபவுண்டின் கதை வேறு. வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களுக்கும் கடற்கரைக் குடியிருப்புகளுக்கும் போகும் பாதைகளில் சில இடங்களில் கிராவல் வரிவரியாகக் கிடக்கும், துணி துவைக்கும் பலகை மாதிரி. அங்கே அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் வரும். ரீபவுண்ட் ரொம்ப இறுக்கமாக இருந்தால், முதல் அடியில் அமுங்கிய ஷாக் முழுதாக விரிவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். இன்னும் கொஞ்சம் அமுங்கும். அடுத்தது, அதற்கடுத்தது. நாலைந்து அடிக்குள் ஷாக் அடியிலேயே உட்கார்ந்துவிடும், வண்டி கட்டை வண்டி ஆகிவிடும். ரீபவுண்ட் தளர்வாக இருந்தாலோ ஒவ்வொரு அடிக்கும் சீட் ஆளைத் தூக்கி எறியும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இது முதலில் தெரியும். ஓட்டுகிறவருக்குக் கால் ஊன்ற இடம் இருக்கிறது, ஹாண்டில் இருக்கிறது, எழுந்துகொள்ளலாம். மதினிக்கு என்ன இருக்கிறது?

அண்ணன் வண்டியில் நடந்தது இதுதான். புது ஷாக்கின் ஸ்பிரிங் அவருக்கு ரொம்பக் கெட்டி. அளந்து பார்த்தபோது அவர் உட்கார்ந்தும் 12 மி.மீ.தான் தாழ்ந்தது. கெட்டி ஸ்பிரிங் அதிக பலத்தோடு திருப்பி அடிக்கும், அதை அடக்க அதற்கேற்ற ரீபவுண்ட் வேண்டும். அதுவோ இல்லை. பக்கத்தில் இருந்த அழகான உருளையைப் பாய் அறுத்துக் காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை. டாம்பரோடு அதற்குத் தொடர்பே கிடையாது. வெறும் அலங்காரம். அண்ணன் ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையான உருளைக்கு வேலை இருக்கிறது. டாம்பர் அடியைச் சூடாக மாற்றுகிறது. மோசமான ரோட்டில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அதைத் தொட்டுப் பாருங்கள், கதகதவென்று இருக்கும். எண்ணெய் சூடானால் நீர்த்துப்போகும். எண்ணெயும் காற்றும் ஒரே அறையில் இருக்கும் டாம்பரில் வேகமாக அடி விழுந்துகொண்டே இருந்தால் இரண்டும் கலந்து நுரைக்கும். நுரை துளை வழியாகச் சுலபமாகப் போய்விடும், அடக்கம் குறையும். இதைத் தடுக்க நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் அடைத்து, எண்ணெயிலிருந்து ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரித்து வைக்கிறார்கள். அந்த வாயு இருக்கும் இடம்தான் உருளை. கூடுதல் எண்ணெய்க்கும் அங்கே இடம் கிடைக்கும். ஆக, நீண்ட தூரம், கரடுமுரடு, அதிக எடை இந்த மூன்றும் சேர்கிறவருக்கு அது பலன் தரும். பத்து கிலோமீட்டர் போய்ப் பள்ளிக்கூடத்தில் வண்டியை நிறுத்துகிறவருக்கு எண்ணெய் சூடாவதற்குள் மணி அடித்துவிடும்.

கம்பெனி ஷாக்கைத் திட்டுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. அவர்கள் நிலையையும் பாருங்கள். 50 கிலோ கல்லூரிப் பையன் தனியாக ஓட்டினாலும், அதே வண்டியில் அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை, ஹாண்டிலில் பை என்று போனாலும் ஒரே ஷாக் தாங்க வேண்டும். விலையும் ஏறக் கூடாது. இதில் யாருக்கும் முழுதாகப் பொருந்தாத, யாரையும் முழுதாகக் கைவிடாத ஒன்றைத்தான் செய்ய முடியும். 1949-இல் வந்த புல்லட்டில் எண்ணெய் ஷாக்கோடு ஸ்விங் ஆர்ம், அதாவது பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் அசையும் கை, வைத்தபோது அதுவே பெரிய புதுமை. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் சேசிஸோடு சேர்த்து முறுக்கியே இருக்கும், சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் ஒரே ஆறுதல்.

உப்பு

மதுரையில் இருப்பவர் இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடலாம். நமக்கு இதுதான் முக்கியம் என்பேன்.

டாம்பருக்குள் போய் வரும் தண்டு, கண்ணாடி போல வழவழவென்று குரோம் பூசியிருக்கும். அதைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் எண்ணெய் வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. உப்புத் துளி அந்தக் குரோமில் உட்கார்ந்து, சின்னக் கீறல் வழியாக உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் இரும்பைத் தின்னும். குண்டூசி முனை அளவு புள்ளிகள் வரும். விரல் நகத்தால் தடவினால் தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொரு தரம் மேலும் கீழும் போகும்போதும் சீலை அரம் போல ராவும். அப்புறம் எண்ணெய் கசியும், கசிந்த எண்ணெயில் மணல் ஒட்டும், மணல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பாம்பன் கடலின் அரிப்பு ஊருக்கே தெரிந்ததுதான். 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் வைத்தார்கள் என்றால் சும்மாவா? நாம் அந்தக் காற்றில்தான் வண்டியை ராத்திரி முழுக்க வாசலில் நிறுத்துகிறோம்.

கழுவினால் போயிற்று என்பீர்கள். எந்தத் தண்ணீரில்? கடலோர ஊர்களில் பல வீட்டு போர் தண்ணீரே உவர். வண்டியைக் கழுவிக் காய விட்டால் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதனால் நான் செய்வது இது: போர் தண்ணீரில் வண்டியைக் கழுவினாலும், கடைசியில் ஷாக் தண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் மட்டும் குடிக்கிற தண்ணீர் அரைக் குடம் ஊற்றி, துணியால் துடைத்துவிடுவேன். குடம் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் இது ஆடம்பரம்தான், வீட்டில் திட்டு விழும். வாட்டர் சர்வீஸ் கடையில் அந்த அழுத்தக் குழாயை நேராக சீலில் காட்ட விடாதீர்கள், தண்ணீர் உள்ளே போய்விடும்.

விலை உயர்ந்த ஷாக்கில் இன்னொரு சிக்கல். உடம்பு அலுமினியம், திருகுகள் சிலவற்றில் இரும்பு. இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடி கட்டும், வளையம் இறுகிப் போகும். அசைக்கத்தான் அவ்வளவு காசு கொடுத்தோம், அசைக்க முடியாமல் போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வளையத்தைத் திருப்பி, துடைத்து, லேசாக கிரீஸ் தடவி வைக்க வேண்டும்.

ஆனால் இதே உப்பை வைத்து நல்ல ஷாக்குக்கு ஆதரவாகவும் வாதாடலாம். நல்ல ஷாக்கைப் பிரித்து சீல், எண்ணெய் மாற்றி, வாயு நிரப்பி மறுபடி ஓட்டலாம். சாதாரண கம்பெனி ஷாக் பெரும்பாலும் மூடி அடைத்தது, கசிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதற்காக அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். அந்த சீல் எங்கே கிடைக்கும், பிரிக்கத் தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார், வாயு யார் நிரப்புவார் என்று வாங்கும் முன்னே கேளுங்கள். ஒவ்வொரு தரமும் மதுரைக்கோ சென்னைக்கோ பார்சல் அனுப்பி, இரண்டு வாரம் வண்டி இல்லாமல் இருக்க வேண்டும் என்றால், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலேயே சில ஆயிரத்துக்கு ஜோடி கிடைக்கும் கம்பெனி ஷாக்கைத் தேயத் தேய மாற்றுவதே மேல். கணக்கு போட்டால் பல சமயம் அதுதான் லாபம்.

யாருக்கு எது

முதலில் மீன் பெட்டி கட்டும் வண்டிகள். மண்டபத்திலும் தொண்டியிலும் விடியற்காலை ஏலம் முடிந்ததும் ஐஸ் பெட்டியோடு கிளம்பும் டிவிஎஸ் எக்ஸ்எல்களையும் ஸ்பிளெண்டர்களையும் பார்த்திருப்பீர்கள். மீன், ஐஸ், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு ஆளைவிடக் கனம். அந்தக் கனமும் அச்சாணிக்குப் பின்னால் தொங்குகிறது. அப்படித் தொங்கும் எடை நெம்புகோல் போல முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். ஹாண்டில் லேசாகி அலையும். இவர்களுக்குத் திருகு வைத்த ஷாக் வீண் செலவு. தேவை கெட்டியான ஸ்பிரிங், அதற்கு ஏற்ற டாம்பர். அதற்கும் முன்னால், பெட்டியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சீட்டுப் பக்கம் தள்ளிக் கட்டுவது. இரண்டு அங்குலம் முன்னால் நகர்த்தினால் தெரியும் வித்தியாசத்தைப் பல ஆயிரம் ரூபாய் ஷாக் தராது. இன்னொன்று: ஷாக் கெட்டியாகிவிட்டது என்பதற்காக எடையைக் கூட்டக் கூடாது. டயர், ரிம், சேசிஸ், பிரேக் எதுவும் கெட்டியாகவில்லை. மீன் விற்ற பிறகு காலிப் பெட்டியோடு திரும்பும்போது வண்டி துள்ளும், அது இந்தப் பிழைப்பில் தவிர்க்க முடியாதது.

நல்ல ஷாக் வாங்கத் தகுந்தவர் என்று நான் நினைப்பது, எடை கூடிய ஆள், பின்னால் எப்போதும் துணை, பக்கப் பைகள், வாரா வாரம் நூறு இருநூறு கிலோமீட்டர் என்று ஓட்டுகிறவர். அவருக்கு அவர் எடை சொல்லி வாங்கிய ஸ்பிரிங்கும், ரீபவுண்ட் திருகும் உள்ள ஜோடி உண்மையிலேயே வேறு வண்டி போலத் தோன்றும். நல்ல கடைக்காரர் உங்கள் எடையைக் கேட்பார், பின்னால் யார் உட்காருவார், என்ன சாமான் ஏற்றுவீர்கள் என்று கேட்பார். எந்த வண்டி என்று மட்டும் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஹிமாலயன் 411 மாதிரி ஒற்றை ஷாக், அதைச் சக்கரத்தின் கையோடு இணைக்கும் லிங்கேஜ் உள்ள வண்டிகளில் பின்சக்கரம் 180 மி.மீ. அசையும். அந்த மாதிரி வண்டிகளில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பார்ப்பதே நல்ல தொடக்கம்.

நீளத்தில் விளையாடாதீர்கள். பின்பக்கம் உயர்ந்தால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று ஓரங்குலம் நீண்ட ஷாக் போடுகிறார்கள். முன் ஃபோர்க்கின் சாய்வு செங்குத்தாகும், ஹாண்டில் சட்டென்று திரும்பும், நேராக ஓடும் நிதானம் குறையும். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். அந்த மாதிரிக் காற்று பக்கவாட்டில் தள்ளும் பாலத்தில் நிதானம் குறைந்த வண்டியில் போக எனக்குத் தைரியம் இல்லை. செயின் தொய்வும் மாறும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும்.

மற்ற எல்லோருக்கும், அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, புது கம்பெனி ஷாக்தான் நல்ல அப்கிரேடு. ஐந்தாறு வருடம் ஓடித் தேய்ந்த ஷாக்கை மனதில் வைத்து, கம்பெனி ஷாக்கே மோசம் என்று முடிவு கட்டுகிறோம். புதிதில் அது எப்படி இருந்தது என்பது மறந்து போயிருக்கும்.

காசு எடுக்கும் முன்

சீட்டின் பின்பகுதியை இரண்டு கையாலும் அமுக்கிச் சட்டென்று விடுங்கள். மேலே வந்து ஒருதரத்தில் அடங்கினால் டாம்பர் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று தரம் ஆடினால் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். தண்டில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா பாருங்கள். லேசான பிசுபிசுப்பு பரவாயில்லை, வழிந்திருந்தால் ஆகாது. டபுள் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது வீல் பேரிங் தேய்ந்திருக்கிறது, அதற்கு ஷாக் மாற்றிப் பயனில்லை. ஷாக்கின் மேலும் கீழும் இருக்கும் ரப்பர் புஷ்கள் உப்பிலும் வெயிலிலும் வெடித்திருக்கும். அவை தேய்ந்தால் வரும் சத்தத்தை ஷாக் போய்விட்டது என்று நினைப்பார்கள்.

அப்புறம் டயர் காற்று. தனியாகப் போக ஒரு அளவு, ஆள் ஏற்றினால் ஒரு அளவு என்று வண்டிப் புத்தகத்திலேயே போட்டிருக்கும். பங்க்கில் இருக்கிறவர் கண் மதிப்பில் அடித்துவிட்ட நாற்பதோடு தனியாக ஓட்டிக்கொண்டு, ஷாக் குத்துகிறது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். டயரும் ஒரு ஸ்பிரிங்தான்.

மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கசிந்தது என்று அதை மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் வேறு வேறு பலத்தில் தள்ளும்.

அண்ணன் கடைசியில் புது கம்பெனி ஷாக் ஒரு ஜோடியும் புஷ்களும் போட்டார். தங்க நிற ஷாக்கில் அறுபடாத ஒன்று பாய் கடை ஆணியில் தொங்குகிறது. உருளையோடு ஷாக் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் அதைக் கையில் கொடுத்துவிட்டு, அறுத்ததையும் எடுத்துக் காட்டுகிறார். அண்ணன் தனியாகப் போகும்போது இரண்டாவது படி, மதினியோடு போகும்போது நாலாவது படி. சி ஸ்பேனர் பக்கப் பெட்டிக்குள், துரு ஏறாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது.